சட்டம்

கார் நிறுத்த என்று போட்ட தகரக் கொட்டகை.
கார் வாங்கவில்லை. ரம்ப மேஜை வாங்கினேன்.
அரவேணு வளைவு வரை கேட்கிறதாம் அதன் சத்தம்;
கேட்டால் நான் வீட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம்.
வந்துவிடுகிறார்கள்.
நாற்காலிக் கால் ஆடுகிறது என்று,
கோழிக்கூண்டுக்கு ஒரு துண்டு என்று,
மழைக்கு ஒதுங்க என்று.

போன ஞாயிறு போஜன்
என் முக்கால் அங்குல உளியால்
பெயின்ட் டப்பா திறந்தார்.
நல்ல மனிதர். டப்பாவும் திறந்துகொண்டது.
விளிம்பில் விழுந்த பல்லை எடுக்க
மூன்று இரவு எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன்.

நான்காம் இரவு எழுத உட்கார்ந்தேன்,
தச்சுப் பென்சிலும் ஒரு சைப்ரஸ் பலகையுமாக.

உளி திறவுகோல் அல்ல.
இழைப்புளியைப் படுக்க வை, அதற்கும் முதுகு உண்டு.
அடுத்தவர் அளந்ததை நம்பி வெட்டாதே,
அந்த அடுத்தவர் நேற்றைய நீயாக இருந்தாலும்.

கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணை,
பிறகு வாரியத்தைத் திட்டு.
(வாரியத்தில் ரீடிங் எடுப்பவள்தான் நான்.
எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது.
வரும்போது ரம்பம்
யார் கை எங்கே என்று கேட்டுக்கொண்டு சுற்றாது.)

என் சுட்டுவிரலில் பாதி நகம் இல்லாததற்கு
கரண்ட் காரணமில்லை.
குன்னூரிலிருந்து தம்பி கூப்பிட்டான்,
வீட்டை விற்றாகிவிட்டது, கையெழுத்துக்கு வா என்றான்.
ம் என்றேன்.
வெட்டிக்கொண்டே ம் என்றேன்.
ஆகவே: போன் சமையலறையில் இருக்கும்.
கோபத்தோடு வருகிறவருக்கு
உப்புத்தாள் மட்டும் தரப்படும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதே,
தானே சூடேறித் தானே பற்றும்.
கொடியில் விரி.
ஆளிவிதை எண்ணெயை மூடிப் பூட்டிவை.
கோயில் விளக்கைக் குடித்துப் பழகிய கரடிக்கு
எது சாமி எண்ணெய், எது மர எண்ணெய்?
பிப்ரவரியில் ஒரு நாள் வந்துபோனது.
மரத்தூளில் அது உட்கார்ந்த இடம் ஒரு குழி.
ஒன்றையும் உடைக்கவில்லை.
போஜனைவிட ஒழுங்கு
என்று எழுதி, அடித்துவிட்டேன்.

கடைசியாக, பென்சிலை அழுத்தி:
அறுத்து ஓராண்டு ஆகாத மரம் உள்ளே வரக்கூடாது.
இந்த ஊர் மூடுபனி எதையும் காயவைக்காது.
ஊறவைக்கும்.

கதவுக்கு எதிரே ஆணியில் மாட்டினேன்.
ஜூன் வந்தது. மேகம் ஓட்டை வழியே நுழைந்து
பசை டப்பாவின் மேல் உட்கார்ந்தது.
மூன்றே வாரம்,
பலகை எண்ணெயில் போட்ட அப்பளம்போல் வளைந்தது.
சுவரில் ஒரு பக்கம்தான் பட்டது.
நான் பார்க்காத மாதிரி வேலை செய்தேன்.

போஜன் பார்த்தார்.
குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு
ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, வாசித்தார்.
அடித்த வரியையும் வாசித்தார்.
"இது எந்த மரம்?"
மாதாகோயில் ஓரம் விழுந்த சைப்ரஸ் என்றேன்.
"காற்றடிச்சு விழுந்ததா? அது மே மாசம்தானே."
விரல் விட்டு எண்ணினார்.
இரண்டாவது விரலிலேயே நின்றுவிட்டது.
கடைசி விதியை இன்னொரு முறை வாசித்தார்,
கொஞ்சம் சத்தமாக.

"பின்னாடி குறுக்கே ரெண்டு சட்டம் அடிச்சிருக்கணும்.
சட்டம் எழுதத் தெரியுது, சட்டம் அடிக்கத் தெரியலையே."

அவர் பிடித்துக்கொள்ள நான் அடித்தேன்.
திருகு போகும் துளையைச் சற்று நீளமாகவே போட்டேன்.
மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்,
நகர இடம் இல்லாவிட்டால்
நடுவில் பிளந்துகொள்ளும்.

திரும்ப மாட்டப் போனால்
சுவரில் பழைய ஆணி கோணலாக நின்றது.
நெம்பக் கை நீண்டது. கைக்குக் கிடைத்தது
முக்கால் அங்குலம்.

போஜன் ஒன்றும் சொல்லவில்லை.
பலகையை மார்போடு அணைத்தபடி,
எழுத்து என் பக்கம் தெரிய,
இன்னொரு கையால்
குறட்டை எடுத்து நீட்டினார்.