மும்முனை

இரவு இரண்டே காலுக்குக்
கூத்தாநல்லூரில் மும்முனை வரும்.
வயல் பக்கம் மோட்டார்கள் ஒருசேர இழுக்க
என் மேசை விளக்கு சுருங்கி விரியும்.
யூபிஎஸ் கீச்சிடும்.
கர்னல் பாதி கம்பைலில்.
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
அதில் ஏதோ கரண்ட் மிச்சம் என்பது போல.

மூன்று வாரமாய் ஒரே பிழை:
ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு
அடுத்ததன் பூட்டுக்குக் காத்து
அசையாமல் நிற்கின்றன இரண்டு இழைகள்.
என்னதான் நடக்கிறதென்று பார்க்க
ஒரு வரி அச்சிடச் சொன்னால்
ஒழுங்காக ஓடுகிறது,
லஸ்கரின் சைக்கிள் தெரிந்ததும்
வெட்டிய கரையை மிதித்து மூடிவிட்டுத்
துண்டை உதறுகிறவனைப் போல.

இன்று அகப்பட்டது. நான்கு வரி.
அதில் ஒன்று வெறும் அடைப்புக்குறி.
அனுப்பினேன்.
பிராக்கிலிருந்து விடிவதற்குள் பதில்:
தீர்வு சரி. மூன்றாம் வரியில்
டேப் இல்லை, இடைவெளி இருக்கிறது.
திருத்தி அனுப்பவும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த நஜ்முதீன்
ஜன்னலுக்குக் கீழே
போனில் டார்ச் அடித்துச் செருப்பைத் தேடுகிறார்.
"இன்னும் தூங்கலியாம்மா?"
அந்தப் போனுக்குள்ளும் இதே கர்னல்தான்.
சொல்லவில்லை.
என் நான்கு வரி அதில் போய்ச் சேர
இரண்டு வருஷமாவது ஆகும்,
அதுவும் அவர் புதுப் போன் வாங்கினால்.

ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது போல.
டார்ச் இன்னும் அலைகிறது.