ரசீது

மாடுகளை விற்று மூன்று மாதமாயிற்று
என்று பெட்ரோல் பங்கில் சொன்னார்கள்.
ஆனாலும் டெல்ஃபினா ஆர்விசு போன் செய்தாள்:
"ஒரு வண்டி. பழைய குட்டைக்கு."

அரிசோனாவின் தென்கோடி. ஜூன்.
வேலிக்கம்பி தொட்டால் சுடும்.
மாட்டுக்கென்று வெட்டிய குட்டை
பாதி வெடிப்பு, பாதி சேறு.
குழாயைத் திருப்பினேன்.
"நேராக ஊற்றாதே" என்று
ஒரு பலகையை இழுத்துப்போட்டாள்.
தண்ணீர் அதில் விழுந்து, ஓசையடங்கி இறங்கியது.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
லாரிக்காரன் கேட்கக்கூடாது.
அவளே சேற்றில் கைவிட்டு எடுத்தாள்:
விரல் நீளம்,
கழுத்தோரம் இறகுபோல் செவுள்கள்,
என்னைப் பார்த்ததா, தெரியாது.

சாலமாண்டர்.

"இங்கே ஊற்று இருந்தது.
மாடும் நாங்களுமாய்க் குடித்துத் தீர்த்தோம்.
இதுகள் குட்டைக்குக் குடிவந்தன.
காலி பண்ணச் சொல்ல முடியுமா?"

மழைக்கு இன்னும் மூன்று வாரம்.
மண்ணுக்கடியில் தேரைகள்
இடிச்சத்தத்துக்குக் காதுகொடுத்துக் கிடக்கும்.
அவை பத்து மாதம் தாங்கும்.
இது தாங்காது.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துப்
பணத்தை எண்ணித் தந்தாள்.
இருபது டாலர் குறைந்தது.
நான் எண்ணவில்லை.

ரசீதில் 'உபயோகம்' என்ற கட்டத்தில்
கால்நடை என்று எழுதினேன்.

நான்கு கால் உண்டு.
செவுள் சுருங்கினால்
நடையும் உண்டு.