அடிச்சுற்றளவு

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
மோழை, நேர், பிறை, யாழ், மற்றவை.
சாட் ஏரித் தீவுகளில்
எனக்கு வாய்த்ததெல்லாம் மற்றவை.

குரி மாட்டை முதலில் பார்த்தபோது
யாரோ இரண்டு சுரைக்குடுக்கைகளைத்
தலையில் ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.
அடியில் என் தொடைப் பருமன்,
நுனியில் கட்டைவிரல்.
கழுத்து எப்படித் தாங்குகிறது என்றேன்.
யாக்குரா ஒரு கொம்பை நகத்தால் தட்டினாள்.
டொக்.
ஆளில்லாத வீட்டுக் கதவின் சத்தம்.

ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர். எழுதினேன்.
அடுத்தது ஒற்றைக்கொம்பு.
மற்றது இருந்த இடத்தில்
தேனடையைப் பிளந்ததுபோல் ஓட்டைகள்,
ஆறி, தோல் பாதி மூடியிருந்தது.
போல் சந்தையில் பாதி விலைக்குக் கேட்டார்கள்,
கொடுக்கவில்லை என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

வேறொன்று கேட்டேன்:
"இந்தக் கொம்பு மிதவையாமே?
இதனால்தான் இவை நீந்துகின்றன என்று
என்ஜமேனாவில் சொல்கிறார்கள்."
அவள் தன் தம்பி ம்போதுவைப் பார்த்தாள்.
இருவரும் சிரித்ததில் ஒரு கன்று மிரண்டது.
"என்ஜமேனாவில் மாடு கொம்பாலா நடக்கிறது?"

சாயங்காலம், புல் தீர்ந்த தீவிலிருந்து
அடுத்த தீவுக்கு.
பன்னிரண்டு மாடுகள்.
ம்போது ஒரு வாலைப் பிடித்துக்கொண்டு நீரில்.
யாக்குரா கோரைப்படகைக் கழியால் தள்ள,
நான் படிவங்களை மார்போடு அணைத்தபடி.
நடு ஏரியில் நீர் உடல்களை விழுங்கிவிட்டது.
மூக்குகள், கொம்புகள், அவ்வளவுதான்.

எண்ணினேன்; எண்ணுவது என் வேலை.
இருபத்து மூன்று வரவேண்டும்.
இருபத்திரண்டு.
மறுபடியும் இருபத்திரண்டு.
எழுந்து நின்று எண்ணப் பார்த்தேன்,
படகு சாய்ந்தது,
அளவுநாடா நழுவி நீரில் விழுந்தது.

"உட்கார்! நின்றால் உனக்குக் கொம்பு முளைக்குமா?"
கழியால் எதிர்க்கரையைக் காட்டினாள்.
அங்கே, மற்றவை பாதி வழி வருவதற்குள்,
ஏறி நின்று
காதுகளை உதறிக்கொண்டிருந்தது
அந்த ஒற்றைக்கொம்பு.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாடாவை ம்போது பல்லில் கவ்விக் கொண்டுவந்தான்.
துணி நாடா. இரவெல்லாம் சாணப்புகையில் காய்ந்து
காலையில் ஒரு விரல் சுருங்கியிருந்தது.
அதன் பிறகு நான் அளந்த கொம்புகள் எல்லாம்
கொஞ்சம் பெரியவை.

அறிக்கையில் இதைச் சொல்லவில்லை.