சும்மா

இருபது நிமிடம் சும்மா இருந்தால் அணைத்துவிடு.
அந்த விதியை எழுதியது நான்தான்,
பீல் நகரத் தொழிற்கல்லூரியின் இரண்டாம் மாடியில்,
முதல் மாதத்துப் பில் வந்த மறுநாள்.
மேசை ஒன்றுக்கு மணிக்கு அறுபது ராப்பன்.
மேசை என்றால் மேசை இல்லை,
எங்கேயோ ஜன்னலில்லாத கட்டடத்தில்
வாடகைக்கு விடப்படும் பெருங்கணினியின் ஒரு துண்டு.
மாணவரின் திரைக்கு அதன் முகம் மட்டும் வரும்.
இதற்கு மேகம் என்று பெயர் வைத்தவர்
நவம்பரில் இந்த ஊர்ப்பக்கம் வந்திருக்கமாட்டார்.
மூன்று கிழமையாக ஏரி இல்லை,
எதிர்த்தெரு வெதுப்பகமும் இல்லை, வாசம் மட்டும் வருகிறது.

விதியை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதவேண்டும்.
இரண்டிலும் சும்மாவுக்குச் சொல் கிடைக்கவில்லை.
'செயலற்ற நிலை' என்று வைத்தேன்.
கோமாவில் கிடப்பவரைப் பற்றிய குறிப்புப்போல் இருந்தது.

மடிக்கணினி வாங்கித்தரக் காசில்லை என்றது நிர்வாகம்.
கையிலிருப்பது எதுவானாலும் போதும் என்று
எல்லாருக்கும் கடிதம் போட்டேன்.
அவர்கள் கையிலிருந்தது:
ஒய் எழுத்துக் கழன்ற ஒன்று,
தம்பியின் பள்ளிக்கூட டாப்லெட்,
பெக்கிம் கொண்டுவந்த, மூடினால் திறக்காத,
ஆகவே ஒருபோதும் மூடாத ஒன்று.
அதில் பற்சக்கரம் முப்பரிமாணத்தில் சுழன்றது.
விசிறிகூட இரையவில்லை.
பாரம் வேறு யாரோ தலையில் என்று
அந்தக் கிழட்டுப் பெட்டிக்கும் தெரிந்துவிட்டது.
இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தவள்
ஞாபகத்துக்கு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நாற்பத்து மூன்றாம் மேசை.
நான்கு இரவுகளாக அணையவே இல்லை.
பத்து மணி முதல் விடிய ஐந்து வரை,
சும்மா இருந்த நேரம்: பூச்சியம்.
எந்த மனிதரும் இப்படி வரையமாட்டார்,
மூத்திரம் போகவாவது எழும்புவார்.
நாணயத் திருட்டு மென்பொருளோ என்று திறந்து பார்த்தேன்.
பார்க்க எனக்கு உரிமை உண்டு. இருந்தும் கூசியது.

பாதி வரைந்த வால்வு ஒன்று.
அதன்மேல் அம்புக்குறி நடுங்கிக்கொண்டிருந்தது,
காய்ச்சல்காரன் விரல்போல்.
மெதுவாக, மெதுவாக. ஒரு நிறுத்தம்.
பிறகு பேய் பிடித்தமாதிரி.
அந்தத் தாளம் எனக்குத் தெரியும்.
எங்கள் கட்டட நிலவறையில் வியாழன்தோறும் கேட்பது:
தண்ணீரை உதறிப் பிழிகிற கடைசிச் சுற்று.

செனாயித் உடனே ஒப்புக்கொண்டாள்.
மருத்துவமனைச் சலவைக்கூடம், இரவு வேலை.
மௌசை ஆறாம் இயந்திரத்தின் தலையில் வைத்துவிட்டு
போர்வை மடிக்கப் போவாளாம்.
அணைந்தால் மறுபடி உள்நுழையப் பதினொரு நிமிடம்,
வரைபடம் திறக்க இன்னும் நான்கு.
அவளுக்கு இடைவேளை பதினைந்து.
"உங்கள் கடிதத்தைப் படித்தேன்," என்றாள்,
"ஆனால் நான் செயலற்று இல்லையே, மடிக்கிறேனே."
கல்லூரியிலிருந்து நீக்குவீர்களா என்று கேட்டாள்.
குரலுக்குப் பின்னால் ஏதோ தடதடத்தது.

ஏஷ்லிமனிடம் தொண்ணூறு நிமிடம் கேட்டேன்.
கணக்குப் போட்டார், ராப்பன் ராப்பனாக.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நாற்பத்தைந்து தந்தார்.

வெள்ளைத்துணிச் சுற்று ஒன்றுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்.

ஆகவே மௌஸ் இன்னும் ஆறாம் இயந்திரத்தில்தான்.
மாதக்கடைசி அறிக்கையில்
நாற்பத்து மூன்றுக்கு நேரே
'பயன்பாட்டில்' என்று எழுதினேன்.
வால்வுக்கு நேற்று ஒரு மூடி வந்திருக்கிறது.
திருகுகளுக்கு இன்னும் துளையிடவில்லை.