காற்று திரும்புவதற்குள்

முதல் எச்சரிக்கைக்கே பலகையும் ஆணியுமாக
ஜன்னலடியில் ஏறினார் தர்மென்.
ஏணியோடு விழுந்தார்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
இப்போது நான்காம் எச்சரிக்கை.
ரோஸ் ஹில் முழுக்கக் கதவடைத்துக் கிடக்கிறது.
கரண்ட் இல்லை.
மின்சார ஷேவர் மாடத்தில் செத்துக் கிடக்க
அவர் தாடி மட்டும்
எந்த உத்தரவுக்கும் அடங்காமல் வளர்கிறது.

“அரிக்குது” என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “அரிக்குது.”
முப்பது மணி நேரத்தில் அவர் சொன்னவற்றில்
நான் அப்படியே நம்பியது அது ஒன்றைத்தான்.

அலமாரியில் கத்திகள் இரண்டு.

பிளேடு மாற்றுகிற கத்தி
கத்ர் போர்ன் சந்தையில் வாங்கியது, இருநூறு ரூபாய்.
பிளேடைக் காகிதத்தோடு நடுவில் ஒடித்துப்
பாதியைச் செருக வேண்டும்.
நாலு தடவை. பிறகு குப்பை.
தீட்டல், துடைத்தல், எண்ணெய் போடல்
எதுவும் கேட்காது.

மற்றது ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்தது.
கொம்புப் பிடி, பித்தளை ஆணி மூன்று.
ஆயிரத்து எண்ணூறு என்று என்னிடம் சொல்லியிருந்தார்.
பில்லை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன்.
வந்த அன்றே காது மடலைச் சீவிக்கொண்டு
பஞ்சும் கையுமாக வெளியே வந்து
“கத்தி நல்ல கத்தி” என்றார்.
அன்று மூடிய பெட்டி.

எனக்குக் கத்தி புதிதல்ல.
ஆயத்த ஆடை ஆலையில், வெட்டுப் பிரிவில்
பதினோரு வருடம்.
எண்பது அடுக்கு பனியன் துணியை
ஒரே வளைப்பில் கழுத்து வெட்டுவேன்.
ஷிப்டுக்கு ஒரு பிளேடு.
மழுங்கியதைப் பெட்டியில் போட்டுக்
கையெழுத்திட்டுப் புதுசு வாங்கவேண்டும்.
புது பிளேடுக்கு யாரையும் தெரியாது.
துணியா விரலா என்று நின்று பார்க்காது.
பர்வீனுக்கு இப்போது ஒன்பது விரல்.

ஆகவே பெட்டியைத் திறந்தேன்.
அவருடைய கல்யாண பெல்ட்டைக் கதவுக் கொண்டியில் மாட்டி
இழுத்துப் பிடித்து
கத்தியின் முதுகு முன்னால் போக, வர, போக, வர.
எத்தனை என்று எண்ணவில்லை.
வெளியே காற்று
யார் வீட்டுத் தகரத்தையோ அதே மாதிரி
தீட்டிக்கொண்டிருந்தது.
முழங்கை முடியில் வைத்துப் பார்த்தேன்.
உதிர்ந்தது.

“அது வேண்டாம், பிளேடையே எடேன்” என்றார்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு.
கணக்கில் வராத ஆறாயிரத்து இருநூறு ரூபாய்
எங்கள் இருவருக்கும்
அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

“பேசாதீங்க. கன்னத்தை இழுக்கணும்.”

அப்போது காற்று நின்றது.
குறையவில்லை, நின்றது.
பேட்டரி ரேடியோ சொன்னது:
புயலின் கண் நம் மேலே இருக்கிறது,
யாரும் வெளியே வரவேண்டாம்,
எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.
எத்தனை நிமிடத்தில் என்று சொல்லவில்லை.

வலது கன்னத்தில் சோப்பு நுரை.
கத்தியைச் சாய்த்து வைத்தேன், அழுத்தவில்லை.
காய்ந்த கரும்புச் சோகையை
எங்கோ தூரத்தில் யாரோ மிதிப்பது போலச் சத்தம்.
தாடைக்கடியில் ஒரு மச்சம்.
பத்தொன்பது வருடமாக
அது அங்கேயே இருந்திருக்கிறது.
தொண்டைக் குமிழ் ஏறியது.
அது இறங்கும்வரை காத்திருந்தேன்.

“எட்டாயிரம்” என்றார், உதடு அசையாமல்.

“தெரியும்.”

கத்தியை ஈரத்துணியில் துடைத்தேன்.
ஒரு துளி ரத்தம் இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

இடது பக்கம் நுரை பூசும்போது
சுடர் மறுபக்கம் சாய்ந்தது.
வாசல் ஒரு முறை உள்வாங்கி அறைந்தது.
இதுவரை சாயாத மாமரக் கிளைகள்
இப்போது சாய்கிற சத்தம்.
கத்தியை மடக்கி வைத்தேன்.

அரைத் தாடியோடு படுத்துக்கொண்டார்.
இடது கன்னத்தில் சோப்பு காய்ந்து வெளுத்தது.
“காலையில் முடிக்கலாம்” என்றேன்.
“எந்தக் கத்தி?”

பெல்ட்டைக் கதவிலிருந்து
நான் கழற்றவில்லை.