இன்

கிளாக்ஸ்விக்கில் பிப்ரவரி. விடிகாலை நான்கு பத்து.
மீன் கொட்டகையிலிருந்து டோன்யல் கூப்பிடுகிறான்:
"பிரிண்டர் ஒரு லேபிளும் துப்ப மாட்டேன் என்கிறது.
ஆறு மணிக்குக் கப்பல்."

போர்வையோடு எழுந்து
மடிக்கணினியைத் திறக்கிறாள் ரன்வோ.
சிவப்பில் ஒரே வரி:
இல்லாத ஒன்றிடம் ஊரைக் கேட்டாய்.

யார் கேட்டது?
பெட்டி கேட்டிருக்கிறது.

பெட்டியின்
பிடிப்பின்
படகின்
கேப்டனின்
ஊரின்
துறையின்
பெயர்.

எய்யுன் எழுதிவிட்டுப் போன வரி.
அவன் இப்போது கோபன்ஹேகனில்
ஏதோ வங்கிக்கு எழுதுகிறான்.
ஆறு புள்ளி வைத்து
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறான்.
நேற்றுவரை
மூக்கு இருந்தது.

நேற்று மாலை ஹெய்னி கடலை விட்டார்.
முழங்கால்.
அலுவலகத்தில் யாரோ
மேசை துடைப்பதுபோல
அவருடைய பதிவைத் துடைத்துவிட்டார்கள்.
இன், இன், இன் என்று போன சங்கிலி
நான்காவது கண்ணியில்
இன்மையில் முட்டி நின்றது.

முதலில் கைக்கு வந்ததைச் செய்தாள்.
ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் ஒரு கொக்கி:
இருந்தால் கேள், இல்லையென்றால் சும்மா இரு.
பிரிண்டர் துப்பியது.
டோன்யல் படம் அனுப்பினான்.
பெட்டி எண், எடை, தேதி,
துறை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
வெறும் வெள்ளை.
"இதை ஸ்காட்லாந்துக்காரன் திருப்பி அனுப்புவான்."

உடைந்தபோதாவது சத்தம் கேட்டது.
இப்போது
வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறது.

நான்கு ஐம்பது. காபி ஆறிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே
துறைமுக விளக்கில் ஹெய்னியின் படகு
பின்புறம் காட்டி நிற்கிறது.
பெயருக்குக் கீழே
பெயிண்ட் உரிந்த எழுத்தில்
குவன்னசுந்த்.

படகே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
யாரும் அதைக் கேட்கவில்லை.

கொக்கிகளைக் கழற்றினாள்.
படகே, உன் துறையை நீயே வைத்துக்கொள்.
பிடிப்பே, உன் படகைக் கேட்டுச் சொல்.
பெட்டியே, உனக்குப் பிடிப்பைத் தெரிந்தால் போதும்,
அதற்கு மேல் யார் வீட்டுக் கதவையும் தட்டாதே.

மொத்தம் பதினோரு படகு.
பத்தின் துறை அவளுக்கே தெரியும்.
"அந்தச் சிவப்புப் படகு?"
"இரு" என்று போனான் டோன்யல்.
ஈரப் பூட்ஸ் சத்தம், காற்று,
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"ஃபுக்லஃபியூர்" என்று மூச்சு வாங்கினான்.

ஐந்து முப்பத்தேழுக்கு
முதல் முழு லேபிள்.

அந்தப் பழைய வரி எங்கெல்லாம் இருக்கிறதென்று
ஒருமுறை தேடிப் பார்த்தாள்.
இன்னும் நாற்பது இடம்.
கணினியை மூடினாள்.

தூக்கம் பிடிக்கிற நேரத்தில் மறுபடி போன்.
"கடைசிப் பன்னிரண்டு பெட்டியும் ஏறிவிட்டது."
"எந்தப் படகினுடையது?"
"ஹெய்னியின் படகு" என்றான்,
புதுக் கேப்டன் பக்கத்திலேயே
கயிறு சுற்றிக்கொண்டு நிற்க.