திரு. சோ

பாஸ்போர்ட்டில் என் பெயர்
சேந்தன் எஸ் ஓ மாசிலாமணி.
எஸ்ஸுக்கும் ஓவுக்கும் நடுவே ஒரு சாய்கோடு.
இன்னாரின் மகன் என்று அர்த்தம்.
எங்கோ ஒரு கணினிக்குச் சாய்கோடு பிடிக்கவில்லை.
முதல் போட்டியிலேயே அதை விழுங்கிவிட்டு
என் குடும்பப் பெயர் சோ என்று முடிவுகட்டியது.

அன்று தொட்டுப் பதிமூன்று வருடம்
அன்டால்யாவில், ஹுவா ஹின்னில், ஷிம்கென்டில்
கதவில் ஒட்டிய ஆட்டப் பட்டியலில் நான் சோ.
கொரியன் ஒருவன் முகம் மலரத் தேடிவந்து
என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுப் போனான்.
"கேம், மிஸ்டர் சோ" என்பார் நடுவர்.
திருத்தியதில்லை.
அடுத்த சர்வீஸுக்கு இருப்பது
இருபத்தைந்தே நொடி.

எங்கே உன் நாடு என்பார்கள்.
ஒரு நல்ல ஃபோர்ஹேண்ட் கொஞ்சம் நீண்டுவிட்டால்
ஜொகூரில் போய் விழும் என்பேன்.
சிரிப்பார்கள். பிறகு எவனாவது
கிரிப் டேப் கடன் தருவான்.

நான் ஆடப் பழகியது தோ பாயோவில்,
எங்கள் புளோக்கின் கீழ்த்தளச் சுவரில்.
பந்து விளையாடத் தடை என்று
நான்கு மொழியில் ஒரு பலகை.
யாரோ தாழ்வாக மாட்டிவிட்டிருந்தார்கள்.
தமிழ் வரி சரியாக வலையின் உயரம்.
அதற்கு ஒரு சாண் மேலே அடிப்பேன்,
நகரமன்ற ஆள் வரும்வரை.

பத்தொன்பது வயதில்
உலகத் தரவரிசை அறுநூற்று நாற்பத்தொன்று.
அந்த மாதமே தெக்கோங்கிற்குப் படகேறினேன்,
மற்ற பையன்களைப் போலத்தான்,
தலையை மழித்துக்கொண்டு.

டென்னிஸ் புள்ளிக்கு ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம்.
நான் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தபோது
ஜகார்த்தா உதிர்ந்தது.
துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் பூசும்போது
சியாங் மாய்.
கொழும்பில் வாங்கிய ஒற்றைப் புள்ளி
கடைசிவரை தாக்குப்பிடித்தது.
அதுவும் போன திங்கட்கிழமை
காவல்கொட்டகையில் ஃபோனை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
கடைசி எண்ணுக்கும் கீழே
திரை வெறும் வெள்ளை.

பக்கத்துக் கட்டில் பையன் வயலின்காரன்.
விரல்நுனிக் காய்ப்பெல்லாம் மெத்தென்று ஆனதை
என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.
எனக்கோ காய்ப்பு இடம் மாறியிருந்தது.
ராக்கெட் பிடிக்கும் இடம் வேறு,
மண்வெட்டி பிடிக்கும் இடம் வேறு.

அப்புறம் பூஜ்யத்திலிருந்து.

முதல் சுற்றில் தோற்றால்
வரி போக நூற்றுச் சொச்சம் அமெரிக்க வெள்ளி.
அறுந்த நரம்பு மாட்ட இருபது.
மீதியில் சாப்பாடு, அடுத்த ஊர், அடுத்த தோல்வி.
தங்கையின் கல்யாணத்துக்கு வீடியோவில் வந்தேன்,
மாலை போடுகிற நேரம் படம் உறைந்துபோனது.

முந்நூற்று எண்பத்தெட்டு.
அதுதான் என் உச்சம். ஒரே ஒரு வாரம்.
துனிசிய ஹோட்டலில் காய்ச்சலோடு படுத்து,
குளியல்தொட்டியில் காலுறைகள் ஊற,
கணக்குப் போட்டேன்:
பூமியில் என்னைவிட நன்றாக ஆடுகிற அத்தனை பேரையும்
மூன்று இரட்டைமாடிப் பேருந்தில்
ஏற்றிவிடலாம்.

இன்று காலாங்கில், நாட்டுக்காக.
இதோடு போதும் என்று நான் சொல்லிவிட்டதால்
பார்வையாளர் முப்பது பேர்,
எதிரணியின் பேருந்து ஓட்டுநரையும் சேர்த்து.
ஒலிபெருக்கியில் உள்ளூர்க் குரல்
சாய்கோட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தது:
சேந்தன், மாசிலாமணியின் மகன்.
யாரோ என்பதுபோல் நிமிர்ந்தேன்.
அந்தத் தடுமாற்றத்தில் முதல் சர்வீஸே
இரண்டு முறை வலையில்.

மூன்றாம் செட்டில் இடியெச்சரிக்கை ஊளையிட்டது.
சிவப்பு விளக்கு. எல்லாரும் கூரைக்கடியில்.
பிறகு மழை,
தகரத்தின் மேல் மூச்சு விடாமல்
சோ, சோ, சோவென்று.
தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னை
எதிராளி விநோதமாகப் பார்த்தான்.
எப்படி விளக்க?
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

விளக்கு அணைந்ததும்
ஆளுக்கொரு ரப்பர் துடைப்பம் எடுத்து
தண்ணீரைக் கோட்டுக்கு வெளியே தள்ளினோம்,
அவன் பக்கம் அவன், என் பக்கம் நான்.

ஐந்து - ஆறு.
முப்பது - நாற்பது.
என் சர்வீஸ்.